நிறுத்திவைத்த பெயர்

என் அக்காவின் பெயருக்கு விலை இருபத்தொரு பைட். கணினியின் நினைவகத்தில் அது அடைக்கும் இடம் அவ்வளவுதான். கைபேசியில் எடுத்த ஒரே ஒரு புகைப்படம் பிடிக்கும் இடத்தில் அந்தப் பெயரை ஒரு லட்சம் தடவை எழுதி அடுக்கிவிடலாம். அத்தனை மலிவு. ஆனால் அந்த இருபத்தொரு பைட்டைக் கைவிட இன்றுவரை என்னால் முடியவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கதை.

கதை என்று சொன்னது வாய்ப்பழக்கம். இது நடந்தது. நான் பிறந்தது மொத்தத் துணி வியாபாரிகள் வீட்டில். மற்ற வீடுகளில் குழந்தை முதலில் 'அம்மா' என்னும். எங்கள் வீட்டில் 'கட்டுப்படியாகாது' என்னும். ஏற்றிச் சொல்வது எங்கள் பரம்பரைத் தொழில் என்பதால், எது ஏற்றம் எது அசல் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதில் ஒரு நூல்கூட நான் ஏற்றவில்லை. பேரம் பேசாமல் கேளுங்கள்.

இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, அணைந்து எரியும் விளக்கு என்று எதிர்பார்த்து வந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே குளிர்சாதனம். மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, உறவினர்கள் காத்திருக்கும் கூடம். தலைக்கு மேல் வெள்ளை வெளேரென்று பன்னிரண்டு விளக்கு. ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட இல்லாத இடம்.

அக்கா உள்ளே இருந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், கண் திறக்கவில்லை. காலையில் பெரிய டாக்டர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், இன்றைய பொழுது தாண்டட்டும், பார்க்கலாம் என்றார். வியாபாரத்தில் 'பார்க்கலாம்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். 'இல்லை' என்பதை மரியாதையாகச் சொல்வது அது.

அவளுக்கு ஒரே மகன். வேறு நாட்டில் கணினி வேலை. செய்தி கேட்டதும் கிளம்பிவிட்டான். இரண்டு விமானம் மாறி, மறுநாள் காலை ஆறு மணிக்கு இறங்குவான். நடுவழியில் ஏதோ ஒரு விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் வர்ற வரைக்கும் அம்மாவ விட்டுடாதீங்க, மாமா."

"விடமாட்டேன்டா," என்றேன்.

கையில் சரக்கு இல்லாமல் ஆர்டர் எடுப்பது என்பார்களே, அதுதான்.

கூடத்தில் எங்களையும் சேர்த்து ஐந்து குடும்பம். ஓர் எலக்ட்ரீஷியன், அப்பாவுக்காக. ஒரு தையல்கார அம்மா, கணவருக்காக. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவிக்காக. ஒரு லாரி ஓட்டுநர், தம்பிக்காக. மூன்று நாளில் சொந்தக்காரர்கள்போல் ஆகிவிட்டோம். உள்ளே யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கதவோரம் இருக்கும் ஒலிபெருக்கியில் நர்ஸ் நோயாளியின் பெயரைச் சொல்வார். ஒருவர் பெயர் வந்தால் மற்ற நால்வரும் மூச்சை இழுத்து விடுவோம். நம் பெயர் இல்லை.

சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மடிக்கணினியை எடுத்து வந்திருந்தேன். அது அக்கா மகனின் ஏற்பாடு. துணிக்கடையை அடியோடு மூடிய பிறகு நான் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. போன விடுமுறையில் வந்தபோது தன் பழைய கணினியைக் கொடுத்து, ரஸ்ட் என்ற மொழியைக் கற்றுக்கொள்ளச் சொன்னான். கணினியின் அடிமட்டம்வரை இறங்கி வேலை செய்யும் மொழியாம். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு எதற்கு என்றேன். உங்க புத்திக்குச் சரியா வரும் மாமா, இந்த மொழியில எல்லாமே கணக்குதான் என்றான்.

பொய் சொல்லவில்லை. அந்த மொழியில் எழுத்துச்சரம், அதாவது ஒரு பெயர், ஒரு வாக்கியம் போன்றவை, இரண்டு வகை. ஒன்றின் பெயர் ஸ்ட்ரிங். அது சொந்தச் சரக்கு. நீட்டலாம், குறைக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் அதன் பிறகு நம்முடையது இல்லை. மற்றது ஸ்டர். அது கடன். கடைக்கு வந்தவர் துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. பார்க்கலாம், எடுத்துப்போக முடியாது. கடைக்காரர் கடையை மூடும்போது யார் கையிலும் துணி இருக்கக் கூடாது. இருந்தால், நாம் எழுதிய நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் கத்தும். நாள் முழுக்க எனக்கு அதோடு சண்டை. எங்கள் பெரியப்பாவுக்குப் பிறகு என்னிடம் இத்தனை முறை முடியாது என்று சொன்னது அதுதான்.

பழகுவதற்கு அக்கா மகன் ஒரு வழி சொல்லியிருந்தான். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, 'சொந்தம்' அல்லது 'கடன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஓட்டிப் பார்க்க வேண்டும். எனக்குக் கடன் ஆகாது. ஆகவே எல்லாவற்றையும் 'சொந்தம்' என்றே எழுதிவிடுவேன். அது கத்துக்குட்டிகள் எல்லோரும் செய்வதுதானாம்.

அன்று எடுத்தது விடுவித்தல் பாடம். சொந்தச் சரம் எப்போது நினைவகத்தை விட்டுப் போகிறது என்று கண்ணால் பார்ப்பது. டப்பாவுக்குள் டப்பாவாக ஐந்து அடைப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். உள்ளே இருக்கும் டப்பா முதலில் மூடும்; மூடும்போது அதில் இருக்கும் பெயர் நினைவகத்திலிருந்து விடப்படும். அப்போது திரையில் 'விட்டாச்சு' என்று ஒரு வரி வரும், பக்கத்தில் அந்தப் பெயர். ஒவ்வொரு மூடலுக்கும் நடுவில் பத்து நொடி இடைவெளி வைத்தேன். வேடிக்கை பார்க்க.

பெயர்? புதுப் பேனா வாங்கினால்கூட நான் முதலில் கிறுக்கிப் பார்ப்பது அக்காவின் பெயரைத்தான். அதை வெளி டப்பாவில் போட்டேன். மற்ற நான்குக்கு யோசிக்கவே இல்லை. மூன்று நாளாக ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுக் காதில் தங்கிப்போன பெயர்கள். எலக்ட்ரீஷியனின் அப்பா. தையல்கார அம்மாவின் கணவர். வங்கிக்காரரின் மனைவி. எல்லாவற்றுக்கும் உள்ளே, லாரிக்காரரின் தம்பி.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொந்தம். சொந்தம். சொந்தம்...

மணி 1.38. ஓட்டினேன்.

ஒன்றும் வரவில்லை. பத்து நொடி. ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். திரையில் கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

"இவங்கல்லாம் யாரு?"

பக்கத்து நாற்காலியில் ஒருவர். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மூன்று நாற்காலியை ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்திய வரிசை அது; ஓரத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்தால்கூட மறு ஓரம் 'கிர்ர்' என்று ஆடும். ஆடவில்லை.

உள்ளே இருக்கிறவர்கள், சும்மா பழகுவதற்காக எழுதினேன் என்று அசடு வழிந்தேன். அவர் தலையசைத்தார். வயது சொல்ல முடியாத முகம். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். கையில் கைபேசி இல்லை. அந்தக் கூடத்தில் கைபேசி இல்லாத கையை அன்றுதான் பார்த்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பத்தடி தள்ளி நடந்து போகிறவரின் சட்டையைப் பார்த்து, பருத்தி எவ்வளவு, கலப்பு எவ்வளவு, மீட்டர் என்ன விலை என்று சொல்லிவிடுவேன். கல்யாண வீடுகளில் இதைச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். கண் தானாகவே அவர் சட்டைக்குப் போயிற்று.

விலை வரவில்லை.

பருத்தி இல்லை. பட்டு இல்லை. செயற்கை இழையும் இல்லை. இழையே இல்லை. விளக்கு வெளிச்சம் அதன்மேல் விழுந்து எங்கேயும் நிற்கவில்லை. முழங்கை மடங்கும் இடத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நாற்பது வருடத்தில் நான் விலை சொல்ல முடியாத முதல் துணி.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்தப் பேருங்க, முடிஞ்சதும் எங்க போகும்?"

"அடைப்பு மூடினா தானாப் போயிடுங்க. அதுதான் இந்த மொழியோட சிறப்பு."

அவர் லேசாகச் சிரித்தார். வாய் மட்டும்.

"தானா எதுவும் போகாதுங்க. யாராவது வந்து எடுத்துக்கிட்டுத்தான் போகணும்."

சரி, ஏதோ தத்துவக்காரர் என்று நினைத்தேன். காத்திருக்கும் இடங்களில் எப்படியும் ஒருவர் சிக்குவார்.

மணி 2.06. திரையில் ஒரு வரி வந்தது.

விட்டாச்சு. லாரிக்காரரின் தம்பி பெயர்.

பத்து நொடி என்று எழுதியது இருபத்தெட்டு நிமிடம் கழித்து வருகிறதே என்று நான் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்தவர் எழுந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டவரின் எழுந்திருப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவை நோக்கி நடந்தார். அது அட்டை காட்டினால் மட்டும் திறக்கும் கதவு. ஒவ்வொரு முறையும் 'பீப்' என்று சத்தம் வரும்.

சத்தம் வரவில்லை. அவர் உள்ளே போய்விட்டார்.

இரண்டு நிமிடம். ஒலிபெருக்கி கரகரத்தது. லாரிக்காரரின் தம்பி பெயர்.

லாரிக்காரர் எழுந்து ஓடினார். அவர் கதவுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆண்பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதில்லை.

திரும்பிப் பார்த்தேன். முழுக்கைச் சட்டைக்காரர் பழையபடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

தற்செயல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் நடக்காததா? இருந்தாலும், கத்துக்குட்டிப் பாடத்துக்கு ஊரார் பெயரை எடுத்திருக்க வேண்டாம் என்று மனது குறுகுறுத்தது. கணினியை மூடி வைத்துவிடலாமா என்று கை போயிற்று. போன கை நின்றது. அக்கா மகன் முதல் நாளே சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. நிரலை முடித்துவிட்டால் அதன் கையில் இருப்பது எல்லாமே ஒரேயடியாகப் போய்விடும்.

எல்லாமே.

2.31. விட்டாச்சு. வங்கிக்காரரின் மனைவி.

அவர் எழுந்தார். போனார். பீப் இல்லை.

ஒலிபெருக்கி. அந்தப் பெயர். வங்கிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, நிதானமாக நடந்து போனார். முன்பே தெரிந்தவர்போல.

ஓடிப்போய் யாரிடமாவது சொல்லலாம். என்ன சொல்வது? என் வீட்டுப்பாடம் ஆளைக் கொல்கிறது என்றா? என்னையும் உள்ளே ஒரு கட்டிலில் படுக்கவைத்துவிடுவார்கள். தையல்கார அம்மா எதிர் வரிசையில் உட்கார்ந்து, கணவரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ள என்று காலையில்தான் என்னிடம் சொன்னார். அது நல்ல பருத்தி. அறுபதாம் நம்பர் நூல். அதற்கு மட்டும் உடனே விலை வந்தது.

3.02. விட்டாச்சு.

அவர் எழுந்தார்.

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். சட்டைக் கை என் விரலுக்குள் வந்தது. ஆனால்... விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. வழவழப்பு இல்லை, சொரசொரப்பு இல்லை. சூடு இல்லை, குளிர் இல்லை. துணியைத் தொட்டே வளர்ந்த விரல் என்னுடையது. அது ஒன்றையும் தொடவில்லை.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ரசீது கேட்கும் குமாஸ்தாவின் முகம்.

"வேலைங்க," என்றார்.

போனார்.

ஒலிபெருக்கி கூப்பிட்டபோது, தையல்கார அம்மா ஊசியைச் சட்டையிலேயே குத்திவைத்துவிட்டு எழுந்தார். சட்டை நாற்காலியில் கிடந்தது.

கூடத்தில் மீதி மூன்று பேர். நான். எலக்ட்ரீஷியன். அவர்.

எலக்ட்ரீஷியன் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு கண் மூடியிருந்தார். தொடையில் விரல் தாளம் போட்டது.

3.24. விட்டாச்சு. எலக்ட்ரீஷியனின் அப்பா.

ஒலிபெருக்கி இரண்டு தடவை கூப்பிட்டது. காதில் பாட்டு. அவருக்குக் கேட்கவில்லை. நான்தான் எழுந்து போய்த் தோளைத் தொட்டேன். கண் திறந்து என் முகத்தைப் பார்த்தார். காதிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு கதவுக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது முழுக்கைச் சட்டைக்காரர் பழையபடி உட்கார்ந்திருந்தார்.

கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்.

இல்லை... நான் ஒருவன்.

திரையில் நான்கு வரி. மிச்சம் ஒரே ஒரு டப்பா. வெளி டப்பா.

கட்டம் மினுக்கியது. மினுக்... மினுக்...

3.33.

3.36.

அவர் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். இடது கை. பிறகு வலது கை.

"அடுத்தது உங்களோடதுங்களா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா... எனக்கே தெரியாது.

"அவ மகன் வந்துக்கிட்டிருக்கான். காலைல ஆறு மணிக்கு. அதுவரைக்கும்..."

"நேரம் நான் போடறதில்லீங்க."

3.39.

அவர் கால்களைச் சேர்த்து வைத்தார். எழுந்திருக்கும் தோரணை.

கடையில் இருபது வருடம் பில் போட்டவன் நான். தப்பாக ஏதாவது அடித்துவிட்டால் விரல் யோசிக்காது. கண்ட்ரோல், இசட். அடித்தது பின்வாங்கிவிடும். போன விலை திரும்ப வரும். அழிந்த வரி திரும்ப வரும். ரஸ்ட் எழுதும் கறுப்புத் திரையில் அந்த இரண்டு விசைக்கும் வேலையே வேறு என்று அக்கா மகன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

விரலுக்கு அதெல்லாம் தெரியாது.

அழுத்தினேன்.

டக்.

ஒரு வரி வந்தது. 'விட்டாச்சு' இல்லை. வேறு ஏதோ.

மினுக்கிய கட்டம் கீழே இறங்கி நின்றது.

அவர் பாதி எழுந்தவர், அப்படியே நின்றார். முதல் தடவையாக அந்த முகத்தில் ஒன்றைப் பார்த்தேன். என்ன செய்வதென்று தெரியாத முகம்.

"என்ன பண்ணீங்க?"

"தெரியல..."

அவர் திரையைப் பார்த்தார். வெகுநேரம்.

"நின்னுடுச்சு," என்றார். பிறகு, "சரிங்க. இருக்கேன்."

உட்கார்ந்தார்.

கிர்ர்...

நாற்காலி வரிசை முழுக்க ஆடியது. என் பக்கம் மேலே தூக்கியது. ஒரு மூட்டையை வைத்த மாதிரி... அல்ல. நான்கு மூட்டை.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அரைமணி நேரம் போயிருக்கும்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

அக்காவின் பெயர்.

உள்ளே எப்படிப் போனேன் என்று நினைவில்லை. திறந்திருந்த மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியதாகப் பிறகு நர்ஸ் சொன்னார். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெரிய டாக்டர் என் தோளில் கை வைத்து, வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் அந்த இயந்திரம் 'பிப்' என்றது. பிறகு இன்னொரு 'பிப்'. டாக்டர் கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

அடுத்த நாள் நர்ஸ் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். அக்காவின் இதயம் 3.40க்கு நின்றிருக்கிறது. என்னென்னவோ செய்து பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டது சேதி சொல்லத்தான். ஊசியோ மின்சாரமோ இல்லாமல், யாரும் தொடாமல் இருந்தபோது துடிப்பு தானாகத் திரும்பியதாம். இத்தனை வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை, உங்க அக்கா கெட்டிக்காரிங்க என்றார். தானா எதுவும்... என்று என் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்கு இறங்கி, ஏழரைக்கு வந்து நின்றான் அக்கா மகன். அம்மாவின் கையைப் பிடித்தான். விரல் அசைந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கணினி என் மடியில்தான். திறந்தபடி. நர்ஸ் இரக்கப்பட்டுக் கொடுத்த மின்கம்பியோடு.

மத்தியானம் அவன் அந்தத் திரையைப் பார்த்துச் சிரித்தான். மாமா, இது பின்வாங்கல, நிரலை அப்படியே நிறுத்தி வெச்சிருக்கீங்க என்று விளக்கினான். முடியவும் இல்லை, ஓடவும் இல்லை. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். ஒரு சின்னக் கட்டளை கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், இல்லையென்றால் கொன்றுவிடலாம். சொல்லிக்கொண்டே விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுவந்தான்.

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். என் பிடி விழுந்த இடம் நீலமாகிவிட்டது.

"தொடாதே."

சிரித்தவன் என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அக்கா ஒன்பதாம் நாள் சாதாரணக் கட்டிலுக்கு மாறினாள். அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இதெல்லாம் நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. சாப்பிடுகிறாள், பேசுகிறாள், தொலைக்காட்சியில் வரும் துணி விளம்பரத்தைப் பார்த்து இதைப் போய் இந்த விலைக்கு விற்கிறானே என்று வைகிறாள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மறுபிறவி என்கிறார்கள்.

மடிக்கணினி என் அறையில் இருக்கிறது. அணைத்ததில்லை. மின்சாரம் போனாலும் அணையாமல் இருக்க ஒரு பேட்டரி, அந்தப் பேட்டரி போனால் இன்னொரு பேட்டரி. உங்க அக்காவைக்கூட இப்படிப் பார்த்துக்கல என்றாள் என் மனைவி.

ஒருநாள் அவளே தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். அக்காவைக் குளிப்பாட்டி, தலைவாரி, நகம் வெட்டுவது எல்லாம் அவள்தான். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட நகம் வெட்ட வேண்டியிருக்கவில்லையாம். வளரவே இல்லையாம். அறுவை சிகிச்சைக்கு மழித்த இடத்தில் முடியும் முளைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்ததோ அப்படியே. டாக்டரிடம் கேட்டோம். சிலருக்கு மெதுவாக வளரும், பார்க்கலாம் என்றார்.

அக்காவின் கட்டிலுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். வருகிறவர்கள் உட்கார. துவைத்த துணியை மடித்து என் மனைவி அதில் வைப்பாள். காலையில் பார்த்தால் துணி தரையில் இருக்கும். கலைந்து விழுந்த மாதிரி அல்ல. மடிப்புக் கலையாமல், அடுக்காக, எடுத்து வைத்த மாதிரி.

போன வாரம் அக்காவுக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். சாயங்காலம். ஜன்னல் திறந்திருந்தது. அவள் அந்த வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், அந்த மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணியாவது குடுங்கடா," என்றாள்.

"எந்த மனுஷன்?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து என் கூடவே வந்தாரே, அவருதான். ஒரு வருஷமா உட்கார்ந்தே இருக்காரு. போங்களேன்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன்."

அந்தக் கூடத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை. அவரைப் பற்றி இந்த வீட்டில் யாரிடமும் நான் மூச்சுவிட்டதில்லை.

"அவர்... என்ன சொல்றாரு?"

"உங்க தம்பி சொல்லட்டும், கிளம்பலாம்ங்கிறாரு." அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கு அலுப்பா இருக்குடா, தம்பி. தூக்கமே வர்றதில்ல. அன்னிலேர்ந்து ஒரு நாளும் தூங்கல. நீ சரின்னு சொல்லிடேன்."

மாத்திரையைக் கொடுத்தேன். தண்ணீரைக் கொடுத்தேன். போர்வையை இழுத்துவிட்டேன். என் அறைக்கு வந்து கதவைத் தாழிட்டேன். மின்கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

சரி என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கணக்கு இதுதான். அன்று மத்தியானம் எழுதிய பெயர் ஐந்து. போனது நான்கு. பாக்கி ஒன்று.